பர்மா காலனி கொடுத்த ஊற்று

எங்கள் நெடுங்கரையில், பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு சாலையும் கூடுகிற இடத்தில், முப்பத்திரண்டு அடி உயரத்தில், மூன்றடுக்குக் கல் தொட்டியும் மூலைக்கு ஒன்றாக நான்கு சிங்கமுமாக ஒரு நீரூற்று நிற்கிறது. அதில் மேலே போகிற தண்ணீர் கீழே வருவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் மட்டும் "வரும், வரும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் டீயைக் குடிக்கிறார்கள்.

நான் நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். பெயர் கோதண்டம். பத்தொன்பது வருடமாக ஐந்தடி நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வைத் திருகுவதுதான் என் பிழைப்பு. எனக்கு மனிதர்களைத் தெருவை வைத்துத்தான் தெரியும், தெருக்களை நிமிடத்தை வைத்துத்தான் தெரியும். சன்னதி தெருவுக்கு நாற்பது நிமிடம், கடைவீதிக்கு முப்பத்தைந்து, சேர்மன் வீட்டுத் தெருவுக்கு வரையறை கிடையாது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பர்மா காலனிக்குப் பதினொரு நிமிடம். ஏன் பதினொன்று என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் பதினொன்று விட்டார், நானும் விட்டேன், பன்னிரண்டாவது நிமிடம் விட்டால் என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பர்மா காலனிக்காரர்கள் அறுபத்தைந்தாம் வருடம் கப்பலில் வந்தவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் அரிசி ஆலைக்கும் மர மில்லுக்கும் வேலைக்குப் போன தமிழர்கள். பேரன்மார் அங்கேயே பிறந்து, அங்கேயே கடை வைத்து, அங்கத்துப் பாஷையிலேயே கனவு கண்டவர்கள். ஒரு நாள் கடைகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போயின, காகிதம் இல்லாதவர்கள் கப்பல் ஏறுங்கள், நீங்கள் இந்தியர்கள் என்றார்கள். ஏறினார்கள். இங்கே வந்து ரயிலைவிட்டு இறங்கியதும் நாங்கள் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டோம், அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அன்றிலிருந்து அவர்கள் பர்மாக்காரர்கள். இருபது வருடம் எங்களுக்கு நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்று, எங்கள் கல்யாணங்களுக்குச் சட்டை தைத்து, இருபதாவது வருடத்தில் அவர்களுடைய சங்கம் கூடி, தங்களை ஏற்றுக்கொண்ட ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. சேர்மன் நாகலிங்கம் பஸ் நிலையத்துக்கு ஒரு நிழற்குடை வரும் என்று எதிர்பார்த்தார். அவர்கள் நீரூற்று என்றார்கள். பதினொரு நிமிடத் தண்ணீர் கொடுத்த ஊருக்குத் தண்ணீரையே பரிசாகக் கொடுக்கிறார்களே என்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கு மட்டும் கொஞ்சம் உறைத்தது.

கல் திருமயத்திலிருந்து வந்தது. பர்மாவில் மோல்மீன் ஊர்க் கோயில் வாசலில் இருக்கிற சிங்கங்களைப் போல வேண்டும் என்று கேட்டார்கள். சிற்பி அந்தச் சிங்கத்தைப் பார்த்ததில்லை, காலனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள், கடைசியில் யாளி பாதி, நாய் பாதியாக நான்கு பிராணிகள் வந்து உட்கார்ந்தன. ஊர் அதற்கு நாய் பவுண்டன் என்று பெயர் வைத்தது. காலனிக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "நாயின்னாலும் வாசல்ல காவலுக்குத்தானே இருக்கு" என்றாள் செங்கமலம் அக்கா, பஸ் நிலைய வாசலில் நூடுல்ஸ் கடை போட்டிருப்பவள், யார் வாய்க்கும் பயப்படாதவள்.

சங்கத்துச் செயலாளர் வீரபத்திரன் அண்ணன்; ஐம்பத்தெட்டு வயது, தையல்காரர், தனி ஆள். அவருடைய கைக்கடிகாரத்தை அறியாதவர் நெடுங்கரையில் கிடையாது. கண்ணாடி கீறல் விட்ட பழைய கடிகாரம், எங்கள் ஊர் மணிக்கு எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அது பர்மா மணி. சினிமாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து மூடிய கேட்டுக்கு முன் நிற்பார், முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து சமையல்காரர்களோடு காய் நறுக்குவார். இருபது வருடம் இப்படியே வாழ்ந்துவிட்டார். மாற்றி வைத்துத் தொலையுங்களேன் என்று சொல்லாத ஆள் இல்லை. காரணம் தெரிந்த பிறகு யாரும் சொல்லவில்லை. மோல்மீனில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள், மா சேன் என்று பெயர், பர்மியப் பெண். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் அவள் கப்பல் ஏறவில்லை, இவருக்குக் காகிதம் இல்லாததால் இவர் அங்கே தங்க முடியவில்லை. ஆறு மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி, அதுவரை உன் மணியிலேயே இருக்கிறேன் என்று கடிகாரத்தைக் காட்டிவிட்டு ஏறினார். திரும்பிப் போக அனுமதி கிடைக்கவேயில்லை. எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படி ஒரு தெரு இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தன. அவள் இருக்கிறாளா, இன்னொருவனைக் கட்டிக்கொண்டாளா, இவர் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியுமா, ஒன்றும் தெரியாது. கடிகாரம் மட்டும் அவள் மணியில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊற்றின் டைமர் பெட்டியில் அவர் நேரம் வைத்தார். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஓட வேண்டும், அரை மணி நேரம் ஓட வேண்டும். முள்ளைத் திருப்பினார், பெட்டியைப் பூட்டினார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

திறப்பு விழா மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. நான்கு மணிக்கு அங்கே இருந்தவர்கள் நானும், வழக்கம்போல ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்ட வீரபத்திரன் அண்ணனும், கடையைக் கழுவிக்கொண்டிருந்த செங்கமலம் அக்காவும், வாழைமரத் தோரணத்தைத் தின்ன வந்த இரண்டு ஆடுகளும்தான். பெட்டிக்குள் டக் என்று சத்தம் கேட்டது. மோட்டார் உறுமியது. நான் காலையிலேயே நிரப்பி வைத்திருந்த எட்டாயிரம் லிட்டர் தண்ணீரும் நடுக்குழாய் வழியாகத் தூணாக எழும்பி, மூன்றாவது தொட்டியைத் தாண்டி, பஸ் நிலையக் கூரையைத் தாண்டி, சினிமாக் கொட்டகையின் ஒலிபெருக்கியைத் தாண்டி மேலே போனது. நாங்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. ஆடுகள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி தோரணத்துக்குப் போயின. அரை மணி நேரத்தில் தொட்டி வறண்டு, அடியில் சிமெண்டு தெரிந்தது.

ஐந்து மணிக்கு பேண்டு வாத்தியத்தோடு வந்த சேர்மன் ரிப்பனை வெட்டிவிட்டு, தலையில் தண்ணீர் படாமலிருக்க ஓரடி பின்வாங்கிக் காத்திருந்தார். பேண்டுக்காரர்கள் நான்கு பாட்டு வாசித்து முடித்தார்கள்.

"கோதண்டம், தண்ணி எங்கய்யா?"

"மேல போயிருச்சுங்க."

"அப்ப கீழ வரும்ல?"

"வரலைங்க."

அவர் என் வாயை மோந்து பார்த்தார். மறுநாள் நான்கு மணிக்குத் தானே வந்து நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் ஊர் பயந்தது. பிறகு பழகிவிட்டது. நகராட்சி இன்ஜினியர் கோப்பில் 'ஆவியாதல்' என்று எழுதி மூடினார். நான்கு மணி மதுரை பஸ்ஸை ஊற்று வண்டி என்று அழைக்க ஆரம்பித்தோம். அந்த பஸ்ஸைவிட ஊற்று நேரம் தவறாமல் ஓடியது. கல்யாணமான ஜோடிகள் கழுத்து மாலையைக் கழற்றித் தண்ணீரில் போட்டார்கள், மாலை சுழன்றுகொண்டு மேலே போனது. ஒருவர் மின்சார வாரியத்துக்கு எழுதிய மனுவைப் போட்டார், அங்கே கொடுத்தால் மட்டும் என்ன பதில் வந்துவிடப் போகிறது என்று. வரன் அமையாத பெண்ணின் ஜாதகத்தை மஞ்சள் தடவிப் போட்டார்கள். காகங்கள் அந்தத் தண்ணீர்த் தூணைச் சுற்றிப் பறக்கக் கற்றுக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் மட்டும் நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் புவியீர்ப்பு விசையைத் தொடர்ந்து நடத்தினார்.

காலனிக்காரர்களுக்குப் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "தண்ணி எங்கக்கா போகுது?" என்று செங்கமலம் அக்காவிடம் கேட்டேன்.

"எங்க போவும்? அந்த மனுசன் எந்த ஊர் மணிய வச்சாரோ அந்த ஊருக்குப் போவுது. உங்க மணிய வச்சிருந்தா உங்க தலையில விழுந்துருக்கும்" என்றாள் அவள், கரண்டியை நிறுத்தாமல். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஊற்றுத் திண்டில் வழிப்போக்கர்கள் குடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளர் வைக்க வேண்டும் என்று வீரபத்திரன் அண்ணன் வாங்கிக் கொடுத்தார். அங்கே வீட்டு வாசலில் போகிறவர் வருகிறவர்களுக்காக மண்பானையில் தண்ணீர் வைப்பார்களாம், மா சேன் தினமும் வைப்பாளாம். நான் நெடுங்கரைக்காரன், எனக்குத் தெரிந்த முறை வேறு. டம்ளரை இரண்டு முழச் சங்கிலியில் கட்டினேன், இல்லையென்றால் மறுநாள் இருக்காது. பிறகு பாத்திரக் கடையில் கொடுத்து, ட்யூப் லைட்டிலிருந்து கோயில் மணி வரைக்கும் நாம் எழுதுவதைப்போலவே, 'உபயம்: வீரபத்திரன், பர்மா காலனி, நெடுங்கரை' என்று பெயர் வெட்டினேன். அவருக்கு மரியாதை செய்ததாக நினைத்தேன். டம்ளரைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"என்ன தம்பி இது, பேரு போட்டுட்ட?"

"உபயம்ண்ணே. உங்க டம்ளர்தானே?"

"என் வீட்டுக்காரி தண்ணிப் பானைக்குப் பேரு போட வுடமாட்டா. யாரு வச்சதுன்னும் தெரியக்கூடாது, யாரு குடிச்சதுன்னும் கேக்கக்கூடாதும்பா." வெட்டிய எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது தேய்கிற எழுத்தா? "சரி, வுடு. தெரியாமச் செஞ்ச" என்று சொல்லிவிட்டுப் போனார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அந்த டம்ளர் ஒவ்வொரு நாளும் நான்கு மணி அடித்ததும் திண்டிலிருந்து கிளம்பும். தண்ணீரோடு ஏறி, சங்கிலி விறைத்ததும், பால் கறக்கிற நேரத்தில் கட்டிப்போட்ட கன்றைப்போல இழுத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் நின்றதும் ணங் என்று கல்லில் விழும். இரண்டு வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், ஒரு நாள் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அந்தச் சங்கிலிய அறுத்துவுடு."

"ஏண்ணே? போயிருமே."

"போகணும்னுதானே நிக்குது."

ரம்பத்தை எடுத்து அறுத்தேன். டம்ளர் என் கைக்கு அகப்படாமல் நழுவி, வெயிலில் ஒரு தரம் பளிச்சென்று மின்னி, போய்விட்டது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க அஞ்சேகால்" என்றார். "வாசத் தெளிக்கிற நேரம். அவ முத்தத்துலதான் இருப்பா." அன்றிலிருந்து அவர் மாலையில் கடை திறப்பதை விட்டார். அந்த டம்ளர் அவள் முற்றத்தில் விழ வேண்டும், அவர் தமிழில் எழுதக் கற்றுக்கொடுத்த அந்தப் பெயரை அவள் பார்க்க வேண்டும், நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் இருக்கிறாள் என்று இவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தினமும் நான்கு மணிக்கு ஊற்றின் கீழே அண்ணாந்து நிற்பார். இருபது வருடக் காத்திருப்பைவிட அந்த நாற்பது நாள்தான் அவரை உருக்கியது என்பேன். சட்டையின் கழுத்துப் பட்டை எலும்பில் தொங்கியது.

பங்குனி பிறந்ததும் ஏரி வறண்டது. மேல்நிலைத் தொட்டி பாதிக்கு இறங்கியது, கால்வாசிக்கு இறங்கியது. சன்னதி தெருவுக்கே பன்னிரண்டு நிமிடம்தான் விட முடிந்தது, முதல் தடவையாக அந்தத் தெருப் பெண்கள் பர்மா காலனிப் பெண்களைப்போலக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்திலும் ஊற்றுக்கு நாளுக்கு எட்டாயிரம் லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை நிரப்பினால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் என்றுதான் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, தண்ணீர்தான் வரவில்லை.

சேர்மன் கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். "நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு. மூணு வார்டு பொம்பளைங்க குடத்தோட என் வாசல்ல நிக்கிறாங்க. அந்த மனுசனப் பாத்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா ஊரு தண்ணிய எந்த ஊருக்கோ அனுப்புனா விடுவாங்களா? சித்திரை ஒண்ணுலேருந்து நிறுத்திரு. அன்னைக்குக் கோயில்ல பஞ்சாங்கம் படிக்கிறாங்க, போற வழியில அஞ்சு மணிக்கு வர்றேன். வால்வப் பூட்டிச் சாவிய என் கையில குடுத்துரு."

நான் போய் வீரபத்திரன் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "நியாயந்தானே தம்பி" என்றார். "குடிக்கத் தண்ணி இல்லாதப்ப என்ன பவுண்டன்?" நூல் ஊசிக் காதில் நுழையவேயில்லை.

பங்குனியின் கடைசி ஒன்பது நாள் நான் ஊற்றுக்கு அரை வால்வுதான் திறந்தேன். ஆனால் நான்கு மணிக்குத் தொட்டி நிறைந்தே இருந்தது. எப்படி என்று ஒரு நாள் மறைந்து நின்று பார்த்தேன். காலனிப் பெண்கள் ரயில் பாதையைத் தாண்டி, இடுப்பில் ஆளுக்கு ஒரு குடமாக, வரிசையாக வந்தார்கள். நான் விடுகிற அந்தப் பதினொரு நிமிடத்தில் பிடித்த தண்ணீர். குடிக்க வைத்திருந்த தண்ணீர். ஒரு சொட்டுச் சிந்தாமல் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பினார்கள்.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

செங்கமலம் அக்கா குடத்தை இடுப்பு மாற்றினாள். "வாசல்ல வச்ச பானைய நடுவுல எடுப்பாங்களா கோதண்டம்? ஒரு ஆளு தாகத்தோட வந்துக்கிட்டிருப்பான்ல." என் தோளிலிருந்த சாவி அன்றைக்கு எடை கூடியதைப்போலிருந்தது. அதைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சித்திரை முதல் நாள். எங்களுக்கு வருடப் பிறப்பு. காலனிக்காரர்களுக்கு அதே நாட்களில் இன்னொரு திருநாளும் உண்டு. அங்கே அது தண்ணீர்த் திருநாள். யார் மேல் வேண்டுமானாலும் தண்ணீரை ஊற்றலாம், ஊற்றினால் வாழ்த்து, யாரும் கோபிக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் காலனிக்குள்ளேயே கிண்ணத்தில் எடுத்து, மாவிலையால் தொட்டு, ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொள்வார்கள். பதினொரு நிமிடத்தில் அவ்வளவுதான் முடியும். அந்த வருடம் கிண்ணங்களோடு ஊற்றுக்கு வந்தார்கள். செய்தி பரவி ஊரும் வந்தது. பதில் வருவதானால் இன்றைக்குத்தான் வரும், அதுவும் நான்கு மணிக்குத்தான் வரும் என்று டீக்கடையில் அடித்துச் சொன்னார்கள்.

நான்கு மணிக்குப் பெட்டிக்குள் டக் என்று சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் இல்லை, நான் விடவில்லை, காலனிக் குடங்களும் காலி. மோட்டார் வெறுமனே உறுமியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லை. நாலேகால் ஆனது, நாலரை ஆனது, மோட்டார் அடங்கியது. முதலில் டீக்கடைக்காரர்கள் போனார்கள், பிறகு ஊர் போனது, காலனிக்காரர்கள் மட்டும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்க முடியாமல் சிங்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீரபத்திரன் அண்ணன் திண்டில் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"தம்பி, உங்க ஊர் மணி இப்ப என்ன?"

இருபது வருடத்தில் அவர் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. "எதுக்குண்ணே இப்ப?" என்றேன்.

"சொல்லு தம்பி."

"அஞ்சாகப் போகுதுண்ணே. மூணு நிமிசம் இருக்கு."

அவர் கடிகாரத்தின் திருகை இழுத்தார். கண்ணாடிக் கீறலுக்கு அடியில் முள்ளைப் பின்னால் திருப்பினார், மெதுவாக, ஒரு சுற்று. திருகை உள்ளே அழுத்தி, கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கையில் கட்டிக்கொண்டார். செங்கமலம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேன், மறைப்பானேன்.

சேர்மன் கார் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. பட்டு வேட்டியோடு இறங்கி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பஸ் நிலையக் கடிகாரம் ஐந்து அடித்தது.

தண்ணீர் விழுந்தது.

மழை என்று சொல்ல முடியாது, மழை எல்லா இடத்திலும் பெய்யும். இது குடம் குடமாக, யாரோ அண்டாவில் முகந்து முகந்து வீசுவதைப்போல, நான்கு சிங்கங்களுக்கு நடுவே விழுந்தது. கல் தொட்டிகள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக நிறைந்து வழிந்தன, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஊற்று ஊற்றைப்போல இருந்தது. மருந்து வாடை இல்லாத தண்ணீர். மண்பானையில் ஊறிய தண்ணீர். அதோடு மஞ்சள் பூக்கள், நம்ம வேங்கைப் பூவைப்போலச் சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக வந்தன. காலனிப் பெண்கள் அதைக் கையில் ஏந்தி, அந்தப் பாஷையில் ஏதோ பேர் சொல்லிக் கத்தினார்கள். வருடப் பிறப்புக்கு அங்கே தலையில் வைக்கிற பூவாம். போனவர்கள் எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள். சன்னதி தெருவும் கடைவீதியும் காலனியும் ஒன்றாக நனைந்தன, யார் கிண்ணம் யார் தலையில் கவிழ்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கோபிக்கவில்லை.

பட்டு வேட்டி உடம்போடு ஒட்ட, நீட்டிய கையைக்கூட மடக்காமல் நின்ற சேர்மன், அந்தக் கையிலும் தண்ணீர் நிறைந்து வழிவதைப் பார்த்தார்.

"அஞ்சு மணின்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். "எங்கய்யா பேண்டு?"

ணங் என்று கல்லில் ஏதோ விழுந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். ஓடிப்போய் எடுத்தேன். நான் பெயர் வெட்டிய அதே டம்ளர், விளிம்பில் நான் அறுத்த சங்கிலியின் இரண்டு கண்ணி அப்படியே இருந்தது. என் எழுத்துக்குக் கீழே, டம்ளரைச் சுற்றி, ஆணியால் கீறியிருந்தார்கள். வட்ட வட்டமான எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது. வீரபத்திரன் அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பி, தண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமாப் படிங்கண்ணே" என்றாள் செங்கமலம் அக்கா. "எங்களுக்கும் உசிரு இருக்குல்ல."

"உங்கள் பெயர் பார்த்தேன்." அவர் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "தினமும் நாலு மணிக்குத் தண்ணீர் வருகிறது. மருந்து வாடை அடிக்கிறது. உடம்புக்கு என்ன? சேன்."

பெண்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டது நான்தான். கடல் தாண்டி ஒரு பெண் அதை மோந்து பார்த்துவிட்டுப் புருஷனுக்குக் காய்ச்சலோ என்று கவலைப்பட்டிருக்கிறாள். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் விரல் ஒரே இடத்தில் நின்றது.

"நாலு மணின்னு எழுதியிருக்கா தம்பி."

"ஆமாண்ணே. நாலு மணிக்குத்தானே அனுப்புறோம்?"

"இங்கதான் நாலு. அங்க அப்ப அஞ்சு. அங்க எல்லார் வீட்லயும் அஞ்சு." அவர் குரல் உடைந்தது. "அவ வீட்ல மட்டும் நாலு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு புரிந்தது. நான்கு மணிக்கு நாங்கள் அண்ணாந்து நின்றபோது ஏன் ஒரு சொட்டும் விழவில்லை, ஐந்துக்கு ஏன் விழுந்தது என்பது புரிந்தது. அங்கே ஊரெல்லாம் ஆறு மணி என்று விளக்கேற்றியபோது ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண், இந்தியாவுக்குப் போனவனுடைய மணியில், வாசல் தெளிக்க ஐந்து அடிக்கட்டும் என்று பானையோடு காத்திருந்தாள். இவர் இங்கே சினிமாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து நின்ற இருபது வருடமும் அவள் அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் பிந்திப் போய்க்கொண்டிருந்தாள். அவளையும் அங்கே யாராவது மாற்றி வைத்துத் தொலையேன் என்று சொல்லியிருப்பார்கள்.

அண்ணன் டம்ளரில் தண்ணீர் பிடித்தார். பூவை ஊதி ஒதுக்கிவிட்டு, நின்றபடியே முழுவதும் குடித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திருகைத் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார். "இப்ப நான் எந்த மணிய வைக்கிறது தம்பி?" என்று என்னைக் கேட்டார், மணியைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிற என்னை.

"எதையும் மாத்தாதீங்கண்ணே" என்றேன். "நாலுக்கு நான் தெறக்குறேன். அஞ்சுக்கு அவங்க தெறக்கட்டும்."

சேர்மனின் கை இன்னும் நீண்டுதான் இருந்தது, ஆனால் அவர் அதில் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாவியைக் கேட்க மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்த சட்டையோடு ரயில் பாதையைத் தாண்டி நடந்தேன். பர்மா காலனி வால்வின் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியைச் செருகி, திருகித் திறந்தேன். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாது. அன்றைக்கு நான் மணி பார்க்கவில்லை.